அரிசிக்குள் வைத்த மீட்டர்

வேண்டாமுங்க, மேலே வைக்க வேண்டாம். கண்டக்டரிடமும் அதைத்தான் சொன்னேன். லக்கேஜ் டிக்கெட் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்க, மேலே மட்டும் ஏற்றச் சொல்லாதீங்க என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். உங்கள் முழங்கையில் இடிக்கிறதா, அம்மணி? கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்கிறேன். சாய்க்கவும் கூடாது. இருங்க, இப்படி வைத்துக்கொள்கிறேன்.

பாத்திரம் இல்லை. கரூர் ஸ்டாண்டில் ஒரு அம்மா, குழந்தை தூங்குகிறதா என்றே கேட்டுவிட்டார். சேலையைச் சுற்றி வைத்திருக்கிறேன் அல்லவா, அதனால். இது கார் மீட்டர். ஸ்டீயரிங்குக்கு முன்னால் கண்ணாடிக்குள்ளே முள் ஆடுமே, அது. பெரியது ஒன்று, வேகம் காட்டுவது. சின்னது இரண்டு. ஒன்று பெட்ரோலுக்கு, ஒன்று இஞ்சின் சூட்டுக்கு. காலடியில் இருக்கிற பையில் அதன் வயரெல்லாம் இருக்கிறது. என் தம்பியுடையது. சிங்காநல்லூரில் இருக்கிறான், கொடுக்கப் போகிறேன். அவன் கேட்டானா என்றால், கேட்டான். இப்போது இல்லை, முன்னால் கேட்டான்.

தனபால் என்று பெயர். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அம்மா போனபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன், அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அப்பா கரும்பு லோடு ஏற்றப் போய்விடுவார். வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது? புத்தகப் பையில் அவனுடைய துணியை வைத்தேன். அதோடு என் படிப்பு முடிந்தது. இதைச் சொல்லிக்காட்டுகிறவள் இல்லை நான். அவனிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சாப்பிட உட்காரும்போது எப்போதாவது சொல்லியிருப்பேன்.

அவன் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற கம்பெனியில் வயரிங் வேலை பார்த்தான். கரூரில் அந்தத் தொழில்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் வீட்டிலேயே மிஷின் போட்டு, வெளிநாட்டுக்குப் போகிற சமையல் ஏப்ரன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் போதும். நிம்மதியாக இருந்தோம்.

அவனுக்கு நான் பெண் பார்க்கவில்லை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். நம்பாதீங்க. எத்தனை பார்த்தேன். ஒருத்திக்குக் குரல் கட்டை. ஒருத்தி காபி கொடுக்கும்போது என் சேலையைப் பார்த்துச் சிரித்தாள். அரவக்குறிச்சிப் பெண் நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு அண்ணன்கள் அதிகம், நம் வீட்டில் வந்து நாட்டாமை செய்வார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே அவனைக் கொண்டுபோய்த் தள்ள முடியுமா? அவனும் ஒன்றும் சொல்லமாட்டான். "உனக்குப் பிடிக்கலீன்னா விடுக்கா" என்பான். அப்படி விட்டு விட்டே அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது.

கார் வந்தது அப்போதுதான். ஒரு டாக்டர் வீட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்காக நின்றது. வீட்டை இடிக்கிறார்கள், எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்துவிட்டார்கள். இரண்டே கதவு. அந்தக் காலத்து மாடல். பெயர் சொல்லுவான், என் வாயில் நிற்காது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்து எங்கள் கோழிக்கொட்டகையில் விட்டான். கோழி முட்டை வைப்பதையே நிறுத்திவிட்டது. "கண்ணாலம் பண்ணுடான்னா காரைக் கட்டி இழுத்துட்டு வந்திருக்கறயே" என்றேன். சிரித்தான். "இது பேசாதில்லக்கா" என்றான். அதற்கு என்ன அர்த்தமென்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை.

துருவைத் தேய்த்து, பட்டி பூசி, பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் மீட்டரை வயரிலிருந்து கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும் என்றான். பட்டித் தூள் கொஞ்சம் உள்ளே போனாலும் முள் சிக்கிக்கொள்ளுமாம். தகரத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடித்து நிமிர்த்தலாம், இது போனால் போனதுதான், இந்த மாடலுக்கு எங்கேயும் கிடைக்காது என்றான். முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டி வைத்தான். வண்டியே செத்துக் கிடக்கிறது, இதற்கு ஏன் இத்தனை பத்திரம் என்று கேட்டேன். "செத்ததுன்னு நெனச்சுக் கை வெச்சாத்தான் பொகைஞ்சு போகும்" என்றான்.

மீட்டருக்குப் பின்னால் அவன் கை நுழையவில்லை. கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டான். "அக்கா, உன்ற கை சின்னது, வா." என் தொல்லை அன்றைக்கு ஆரம்பித்தது, அம்மணி. இந்த வயதில் கார் சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலையைக் கீழே தொங்கவிட்டு, கையை மேலே கொடுத்துத் தடவ வேண்டும். அவன் டார்ச் அடித்துக்கொண்டு, இடது பக்கம், இன்னும் கொஞ்சம், அதுதான், அதுதான் என்பான். பக்கத்து வீட்டு மயிலாத்தாள் எட்டிப் பார்த்துவிட்டு, அக்காளும் தம்பியும் எந்த ஊருக்குக் கிளம்பிட்டீங்க என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து என் தலை மீட்டர் பலகையின் அடியில் இடித்துக்கொண்டது.

அந்தக் காலத்து வயருக்கு மேலே துணி சுற்றியிருக்கும். தொட்டால் அப்பளமாக உதிரும். வயரைப் பிடித்து இழுத்துவிடாதே, முனையைப் பிடித்து ஆட்டி ஆட்டித்தான் உருவ வேண்டும் என்று நூறு தடவை சொன்னான். மீட்டரை ஈரத்துணியால் துடைக்காதே, எண்ணெல்லாம் அழிந்துவிடும். கண்ணாடியைக் கீழே கவிழ்த்து வைக்காதே. அதன்மேல் மூச்சுவிடாதே என்று மட்டும்தான் சொல்லவில்லை. நானும் அப்படியே செய்தேன். அவனுடைய பழைய பனியன்களைத் துவைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று சுற்றினேன்.

எந்த வயர் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமே. பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் எண் போட்டான். எண்ணெய்ப் பிசுக்கில் மறுநாளே அழிந்துவிட்டது. இதற்கா இத்தனை கவலை என்று ஏப்ரன் தைக்கிற நூலைக் கொண்டுவந்தேன். என்னிடம் இல்லாத நிறம் உண்டா? ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறம், ஒரே நிறத்தில் இரண்டு வந்தால் ஒன்றுக்கு இரண்டு முடிச்சு. அவனுக்கு ஆச்சரியம். "காரையும் துணியாட்ட தெச்சு வெச்சுருவ நீ" என்றான். எது எதற்கென்று சொல்லுக்கா, எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டான். எழுதுவதற்கு என்ன இருக்கிறது, நான் எங்கே போய்விடப் போகிறேன், மாட்டும்போது என்னைக் கேள் என்றேன். எல்லாம் இங்கே இருக்கிறது, தலையில். இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

அந்த ஐப்பசி முழுக்க இதே வேலை. வெளியே மழை கொட்டும், கொட்டகைக்குள்ளே நாங்கள் இரண்டு பேரும். ஏப்ரன் வேலை தேங்கிப் போய் ஏஜெண்ட் திட்டினான். ஒரு சனிக்கிழமை மழையில் அவன் கம்பெனியிலிருந்து வர நேரமாகிவிட்டது. வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மழைக்காகத்தான், வேறொன்றுமில்லை.

மறுநாள், என் கை மீட்டர் பலகைக்குப் பின்னால் மாட்டியிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னான். "அக்கா, எங்க ஸ்டோர்ல சுகந்தின்னு ஒருத்தங்க. ஒருநாள் கூட்டிட்டு வரட்டுமா?"

எதற்கு, பல்பு கொண்டுவந்து கொடுக்கவா என்று கேட்டேன். அவள் ஸ்டோரில் பல்பும் ஸ்குருவும் எண்ணிக் கொடுக்கிறவள். புருஷன் இறந்துவிட்டான், ஒரு பெண் குழந்தை. இதெல்லாம் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அவன் டார்ச்சை அணைத்துவிட்டான். நான் இருட்டில் கையை உருவிக்கொண்டேன்.

வந்தாள். நான் ஒன்றும் குறை வைக்கவில்லை. சேமியா செய்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், கூச்சமில்லாதவள். நூலைப் பார்த்துவிட்டு, நல்ல யோசனைங்க அக்கா, எனக்கும் சொல்லித் தாங்க என்றாள். எப்படி இருக்கிறது பாருங்க, வந்த அன்றைக்கே. நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

அந்தக் குழந்தை, ஓவியா என்று பெயர், கொட்டகையில் பெஞ்சுமேல் பரப்பியிருந்த மீட்டரைப் பார்த்து, இது கடிகாரமா மாமா என்று கேட்டது. தனபால் என்ன செய்தான் தெரியுமா? பனியன் துணியைப் பிரித்து, பெட்ரோல் மீட்டரை எடுத்து அதன் மடியில் வைத்தான். என்னை மூச்சுவிடப் பயப்பட வைத்தவன். ஐந்தாறு வயதுக் குழந்தை, சேமியா தின்ற கை. அது விரலால் கண்ணாடியைத் தட்டுகிறது, இவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

நான் போய் வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்கிறார்கள், வாங்கிக்கொண்டேன். "உங்கொம்மா மாதிரியே நீயும் அடுத்தவங்க சேத்து வெச்சதுல கை வெக்கப் பழகிட்டியா" என்று கேட்டேன். குழந்தையிடம்தான் சொன்னேன், அம்மணி. குழந்தையைக் கண்டிக்கக்கூடாதா? அது அழவில்லை. அவள்தான் எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே போனாள். தட்டைக் கழுவச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? இல்லையா. பல்லடம் தாண்டிவிட்டோம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு மீட்டரைக் கொட்டகையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. யார் வருவார்கள், யார் எடுப்பார்கள் என்று யார் கண்டது? மழை வேறு. செல்போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் வைப்பார்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று சொல்வார்களே. நான் மூன்றையும் எடுத்து அரிசி டிரம்முக்குள், அடியில், நன்றாகப் புதைத்து வைத்தேன். மேலே வசம்பு போட்டேன். டிரம்முக்குப் பூட்டு உண்டு, எலிக்காக.

தை மாதத்தில் பெயிண்ட் முடிந்தது. வெண்ணெய் நிறம். நானே அசந்துபோனேன். ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டான், அந்தக் காரில்தான் போகப் போகிறேன் என்றான். மீட்டர் எங்கே என்று கேட்டான். பத்திரமாக இருக்கிறது என்றேன். எடுத்துக்கொடு என்றான். பெயிண்ட் வாசம் போகட்டும் என்றேன். மறுபடி கேட்டான். எனக்கு ஆர்டர் முடியட்டும், நிதானமாகத் தேட வேண்டும் என்றேன். வீடு பூராவும் தேடினான். பீரோ, பரண், மிஷின் டப்பா. அரிசி டிரம்மின் மேலேயே உட்கார்ந்து யோசித்தான், பாவம். அந்த அரிசியைத்தான் நாங்கள் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு, சரி, நூலையாவது சொல்லு, எந்த நிறம் எதுக்கு என்று கேட்டான். அவசரப்படுத்தினால் எனக்கு எதுவும் ஞாபகம் வராது. அது என் சுபாவம், அவனுக்கே தெரியும்.

"அக்கா" என்றான். "உனக்கு ஞாபகம் இருக்குது."

அதை மட்டும்தான் சொன்னான். திரும்பிக் கொட்டகைக்குப் போனான். காருக்குள் தொங்கிய வயரை, முனையைப் பிடித்து ஆட்டி ஆட்டி உருவ வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன், இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து இழுத்தான். துணியெல்லாம் உதிர்ந்து விழுந்தது. நூலோடு, முடிச்சோடு கொண்டுவந்து, மிஷினில் உட்கார்ந்திருந்த என் காலடியில் போட்டான். எறியவில்லை. போட்டான். மறுநாள் ஒரு மினிலாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. கோயமுத்தூரில் பழைய காரெல்லாம் புதுப்பிக்கிற ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்ததாம். கல்யாணத்துக்கு வந்து கூப்பிட்டான். நான் போகவில்லை. அன்றைக்கு ஏஜெண்ட் சரக்கு எடுக்க வருகிற நாள், எப்படிப் போவது?

இரண்டு வருஷம் ஆகப் போகிறது. போன் செய்வேன். எடுக்கமாட்டான், வேலை ஜாஸ்தி. தீபாவளிக்கு அவள் எடுத்தாள். நான் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். தப்பாக நினைத்திருக்கமாட்டாள், சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாள்.

போன வாரம் மயிலாத்தாள் மகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். அந்தக் கார். ஏதோ மலைப்பாதையில் நிறுத்தி உள்ளேயிருந்து எடுத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கில் அவன், பக்கத்தில் அவள், நடுவில் அந்தக் குழந்தை எழுந்து நிற்கிறது. நன்றாக உயரமாகிவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அதைப் பெரிதாக்கச் சொன்னேன். இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். முன்னால் வேறு மீட்டர் இருந்தது. கறுப்பாக, புதிதாக, என்னவோ பிளாஸ்டிக்கில். அது அவனுடைய மீட்டர் இல்லை. இந்த மாடலுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று சொன்னவன், எதையோ மாட்டிக்கொண்டு ஓட்டுகிறான். மலைப்பாதையில். குழந்தையை வேறு நிற்க வைத்துக்கொண்டு. எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதனால்தான் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இன்றைக்குக் காலையில்தான் டிரம்மைக் கவிழ்த்தேன். வசம்பு போட்டும் வண்டு வந்துவிட்டது. பெட்ரோல் மீட்டரில் கண்ணாடிக்கு உள்ளே ஒன்று செத்துக் கிடக்கிறது. எப்படிப் போனதென்றே தெரியவில்லை. தவிட்டுத் தூள் கொஞ்சம் படிந்திருக்கிறது. பெரியதில் முள் நடுவில் எங்கேயோ நிற்கிறது, முன்னால் அடியில்தான் இருக்கும். டிரம்மைக் கவிழ்த்த குலுக்கலில் அப்படி ஆகியிருக்கும். அவன் சரிசெய்துவிடுவான். புது மீட்டரைக் கழற்ற வேண்டும், வயரைத் திரும்பப் போட வேண்டும், எந்த நிறம் எதற்கென்று நான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். நாலைந்து நாளாவது ஆகும். மாற்றுச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.

சூலூரா இது? அப்படியானால் வந்துவிட்டோம்.

அம்மணி, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? உங்கள் போனிலிருந்து அவனைக் கூப்பிட முடியுமா? என் நம்பரென்றால் எடுக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமையானாலும் வேலை இருக்கும். கரூரிலிருந்து ஒரு பார்சல் வந்திருக்கிறது, சிங்காநல்லூர் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்க என்று மட்டும் சொன்னால் போதும். நான் என்று சொல்ல வேண்டாம். இந்தாங்க, இதுதான் நம்பர்.

அடிக்கிறதா?

யார் எடுத்தது? குழந்தையா? சத்தம் எனக்கே கேட்கிறது. அப்பா, அப்பா என்று கூப்பிடுகிறது. அப்பா என்றுதானே கூப்பிட்டது?

சொல்லுங்க. மீட்டர் என்று சொல்லுங்க.

என்ன கேட்கிறான்? அக்கா கொடுத்து அனுப்பினாங்களா என்றா? ஆமாம் என்று சொல்லுங்க. கொடுத்து அனுப்பினாங்க என்று சொல்லுங்க. நல்லா இருக்காங்களா என்று கேட்டானா? அவனா கேட்டான்? நல்லா இருக்காங்க என்று... பக்கத்தில் இருக்காங்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்க. இல்லை என்று சொல்லுங்க, அம்மணி, உங்களைக் கும்பிடுகிறேன்.

வைத்துவிட்டானா? என்ன சொன்னான்? வருகிறானா. காரிலா. எல்லோருமா வருகிறார்கள். அப்படியா.

பஸ் நின்றுவிட்டது, நீங்க இறங்குங்க. இந்தாங்க, இதை நீங்களே கொடுத்துவிடுங்க. பையும் இருக்கிறது, பாரமில்லை. நான் எங்கே இறங்குவது? திடீரென்று போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம். அங்கே இடம் இருக்குமோ என்னவோ. எனக்கும் நாளைக்கு ஏஜெண்ட் வருகிறான், இப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்டக்டரைக் கேட்டேன், டீ குடித்துவிட்டு இதே வண்டிதான் திரும்பக் கரூர் போகிறதாம். நான் இப்படியே உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. அந்தப் பெட்டிக்கடைக்கு உள்ளே ஒதுங்கிவிடாதீங்க. மறைத்துவிடும். வாசலில், இந்தப் பக்கமாக நின்றால் என் ஜன்னலிலிருந்து தெரியும். அவன் வருகிறவரைக்கும் கொஞ்சம் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். நிற்பீங்களா, அம்மணி?